பயிர் கேட்பது படி... நாம் கொட்டுவது மூட்டை!

உரத் தட்டுப்பாடு, இயற்கை விவசாயம், மீத்தேன், வெள்ளச் சேதம்... காவிரி டெல்டாவில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கடைசியில் நெற்பயிரின் வேரிலும் இலையிலும்தான் வந்து நிற்கிறது. அந்தப் பயிரைப் படித்தால் செலவும் சேதமும் எவ்வளவு குறையும்? ஓர் அலசல்.

சம்பா நடவு முடிந்து மூன்றாவது வாரம். காலை ஏழு மணிக்கே கூட்டுறவுச் சங்க வாசலில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. நேற்று ராத்திரி லோடு இறங்கிய சேதி டீக்கடை வழியாக மூன்று ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. விற்பனைக் கருவியில் கட்டை விரலை வைக்கிறார் ஒரு பெரியவர். நாற்பது வருடம் சேற்றில் கிடந்த விரல், ரேகை விழவில்லை. துண்டில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறார். "இன்னொரு விரல் வைங்க ஐயா" என்கிறது உள்ளேயிருந்து ஒரு குரல். பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. முறைத் தண்ணீர் நாளைக்கு வந்துவிடும், அதற்குள் மேலுரம் போட்டாக வேண்டும். தனியார் கடைக்குப் போனால் யூரியாவோடு சேர்த்து வேண்டாத ஒரு டப்பாவையும் தலையில் கட்டுவார்கள் என்ற பயம் வேறு.

இப்படிக் காத்திருந்து வாங்கும் ஒரு மூட்டையின் எடை 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல்தான் தழைச்சத்து. வயலில் வீசிய பிறகு அதில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது 30 முதல் 40 சதவீதம். மூட்டைக்கு ஏழெட்டு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ஆவியாகிறது, கரைகிறது, வடிகாலில் ஓடுகிறது.

மூட்டை கிடைக்கவில்லை என்ற புலம்பல் நியாயமானது. ஆனால் கிடைத்த மூட்டையிலேயே பாதிக்கு மேல் பயிரின் வாய்க்குப் போகவில்லை என்பதைப் பற்றி யாரும் வரிசையில் நிற்பதில்லை.

எடை காற்றிலிருந்து, பச்சை மண்ணிலிருந்து

பயிர் எதைத் தின்று வளர்கிறது? 17-ம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் மண்ணை எடைபோட்டு நிரப்பி, வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் சுமார் 75 கிலோ கூடியிருந்தது. மண் இழந்ததோ நூறு கிராம்கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதிப் பாதி காற்றிலிருந்து வந்தது என்பது பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தது.

பயிரைக் காயவைத்து எடைபோட்டால் அதில் ஏறக்குறைய 95 சதவீதம் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன்தான். காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் தண்ணீரும் கொடுத்தவை. பயிருக்குத் தேவையான 17 சத்துகளில் மிச்சமுள்ள 14-ம் அந்த ஐந்து சதவீதத்துக்குள் அடக்கம். அளவு சின்னதுதான். ஆனால் அவற்றில் எது குறைகிறதோ அதுதான் மகசூலின் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவை இரட்டிப்பாக்கினாலும் துத்தநாகக் குறை தீராது.

இந்தப் பதினான்கில் தழைச்சத்துக்குத்தான் முதலிடம். இலையிலுள்ள தழைச்சத்தில் சுமார் முக்கால் பங்கு, சூரிய ஒளியைப் பிடித்துச் சர்க்கரை செய்யும் பசுங்கணிகங்களுக்குள் இருக்கிறது. அதனால்தான் யூரியா போட்ட ஒரே வாரத்தில் வயல் பச்சை கட்டுகிறது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் பலன் என்பதாலேயே கை யூரியா பக்கம் போகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்து கிடப்பதால் எந்தப் பயிராலும் அதை நேரடியாகத் தொட முடியாது. ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-ல் ஆய்வகத்திலும், கார்ல் போஷ் 1913-ல் தொழிற்சாலையிலும் அந்தப் பிணைப்பை உடைத்துக் காட்டினார்கள். கடும் வெப்பமும் அழுத்தமும் தேவைப்படும் வேலை அது. இன்று அதற்கான எரிபொருளும் மூலப்பொருளும் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. எங்கோ ஒரு போர் மூண்டால் கும்பகோணத்துக் கிடங்கில் மூட்டை குறைவது இதனால்தான்.

வேர் உறிஞ்சுவது பெரும்பாலும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறிய பிறகுதான். அது சாணத்திலிருந்து வந்ததா, சாக்கிலிருந்து வந்ததா என்பது பயிருக்குத் தெரியாது. மண்ணுக்குத் தெரியும். உரமிட்ட வயலில்கூடப் பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் மண்ணின் சொந்த இருப்பிலிருந்தே வருகிறது. அந்த இருப்பைப் போடுவது மட்கும் பொருள்கள்தான், யூரியா அல்ல.

மூட்டை எங்கே போகிறது?

யூரியா சேற்றில் விழுந்த சில நாட்களில் நுண்ணுயிர்களின் என்ஸைம் அதை அம்மோனியமாக்குகிறது. இங்கேதான் முதல் கசிவு. நெல் வயலில் தேங்கிய நீரில் பாசி இருக்கும். உச்சி வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. கார நீரில் அம்மோனியம், அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உச்சி வெயிலில் யூரியா வீசுவது காற்றுக்கு உரம் போடுவதுதான்.

இரண்டாவது கசிவு இன்னும் நுட்பமானது. வயல் காயும்போது அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. மறுபடி தண்ணீர் கட்டினால், காற்று இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை மீண்டும் வாயுவாக்கி அனுப்பிவிடுகின்றன. வழியில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடும் உருவாகும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 270 மடங்கு வலுவானது. மூன்றாவது கசிவு எல்லோரும் அறிந்தது. மழை பெய்தால் வடிகாலோடு போய்விடும்.

வழி உண்டா? உண்டு, அதுவும் மலிவாக. தண்ணீரை வடித்துச் சேறு பதத்தில் உரமிட்டு, அதன் பிறகு நீர் கட்டினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. வேம்பு, நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கிறது. 2015-ல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயமானதற்கும் இதே காரணம் உண்டு.

பயிருக்கு எப்போது பசிக்கும்?

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. நட்ட நாற்றுக்கு முதல் வாரம் பத்து நாள் புது வேர் விடுவதே வேலை. அப்போது கொட்டும் யூரியாவை எடுக்க அதற்கு வேரே இல்லை. பசி ஏறுவது தூர் கட்டும் பருவத்தில். அடுத்து, கதிர் உருவாகும் பருவத்தில்.

இந்த இரண்டாவது நாளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கதிர் உருவாவது தொடங்கிப் பூக்க சுமார் 35 நாள், பூத்து முற்ற சுமார் 30 நாள். குறுவையோ சம்பாவோ, இந்த 65 நாள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவம் மட்டுமே. ஆகவே ரகத்தின் வயதில் 65-ஐக் கழித்துவிடுங்கள். 105 நாள் வயதுள்ள ரகத்துக்கு விதைத்த 40-ம் நாள். 155 நாள் ஓடும் சிஆர் 1009-க்கு 90-ம் நாள்.

சந்தேகம் இருந்தால் பயிரையே கேட்கலாம். நன்றாகத் தேறிய குத்திலிருந்து தாய்த் தூரைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்காகப் பிளக்க வேண்டும். கணுக்களுக்கு மேலே, இலையுறைகள் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் நடுவில், ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு முனை தெரியும். அதுதான் வரப்போகும் கதிர். அதில் எத்தனை மணி என்பது அடுத்து வரும் நாட்களில் முடிவாகிறது. அந்த நேரத்தில் போடும் கால் மூட்டை, நட்ட மறுநாள் கொட்டிய ஒரு மூட்டையைவிட அதிகம் பேசும்.

பெட்டிச் செய்தி 1: ஐந்து நிமிட இலைப் பரிசோதனை

● வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டைதான் இலை வண்ண அட்டை.

● நட்ட 14-ம் நாள் தொடங்கி, கதிர் எட்டிப் பார்க்கும் வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

● நேரம் காலை 8 முதல் 10 மணி. சூரியனுக்கு முதுகு காட்டி, உங்கள் நிழலில் இலையை வைத்துப் பார்க்கவும். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும்.

● குத்தின் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடவும். வயலில் பத்து இடங்களில் இப்படி.

● பத்தில் ஆறு இலைகள் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4.

பெட்டிச் செய்தி 2: மஞ்சள் எங்கே தொடங்குகிறது?

வயல் மஞ்சளித்தால் உடனே யூரியா என்பது பழக்கம். எந்த இலை மஞ்சளிக்கிறது என்று பார்த்தால் போதும், பாதிச் செலவு மிச்சம். காரணம், தழைச்சத்தைப் பயிர் பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புது இலைக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது.

● கீழே இருக்கும் பழைய இலைகள் ஒரே சீராக மஞ்சளித்தால்: தழைச்சத்துக் குறை.

● பழைய இலைகளின் நுனியும் ஓரமும் கருகினால்: சாம்பல்சத்துக் குறை.

● புது இலை நரம்புகளுக்கு நடுவே வெளுத்தால்: இரும்புச்சத்துக் குறை. நீர் தேங்காத நாற்றங்காலில் அடிக்கடி காணலாம்.

● புது இலை முழுதும் வெளிறினால்: கந்தகக் குறையாக இருக்கலாம்.

● நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் பயிர் குட்டையாகி, கீழ் இலைகளில் துருப்பிடித்த புள்ளிகள் தெரிந்தால்: துத்தநாகக் குறை.

கறுத்த வயலுக்குப் புகையான் வரும்

கூடுதல் யூரியா வீணாவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அது வேறு செலவுகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

தேவைக்கு மேல் தழைச்சத்து கிடைத்த பயிர் வேகமாக வளர்கிறது. திசு மென்மையாகிறது, இலைச்சாற்றில் அமினோ அமிலங்கள் கூடுகின்றன. சாறு உறிஞ்சும் புகையானுக்கு அது விருந்து. நெருங்கி அடர்ந்த தூர்களுக்கு அடியில் ஈரமும் நிழலும் சேர்வதால் அது அங்கேயே பெருகுகிறது. இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் கறுத்த வயலைத்தான் முதலில் தேடி வரும். அடுத்த வாரம் விவசாயி போய் நிற்பது மருந்துக் கடையில். மருந்து அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் சேர்ந்து சாகும். புகையான் மறுபடி கிளம்பும்போது அதைத் தடுக்க வயலில் ஆளில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்த வயல்களைப் பார்த்தாலும் இதே கதை. நீண்டு மெலிந்த தண்டு, கனத்த கதிர், பலத்த காற்று. சாய்ந்த பயிரில் நெல் முளைக்கிறது, அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கு ஏறுகிறது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். யூரியா மலிவுதான். அதன் பின்விளைவுகளுக்கு மானியம் கிடையாது.

பாரம்பரிய ரகம் பயிரிடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1960-களில் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள், உயரத்தைக் கூட்டும் ஜிப்ரலின் என்ற வளரூக்கியைக் குறைவாகச் சுரக்கும் மரபணுவோடு வந்தவை. உரத்தை மணியாக்கத் தெரிந்த உடல்வாகு அது. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் அப்படியல்ல. ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தப் பயிர்களுக்கு யூரியா போட்டால் வைக்கோல்தான் கூடும், பிறகு பயிர் படுத்துவிடும். குறைந்த உரத்தில் விளைவதே அவற்றின் பலம். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன், 2018-ல் மறையும் வரை திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களில் விதையோடு சேர்ந்து கைமாறியதும் அந்த அறிவுதான்.

வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்

காற்றிலுள்ள நைட்ரஜனை ஹேபருக்கு முன்பே உடைக்கத் தெரிந்தவை பாக்டீரியாக்கள். பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சு போட்டுக் குடியிருக்கும் ரைசோபியம் அவற்றில் ஒன்று. செடி சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா அம்மோனியம் கொடுக்கிறது. இந்தக் கூட்டணியை 1880-களில் ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்தார்கள்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். உளுந்துச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசி, வேரிலிருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ள வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் ஒன்று அங்கே ஆக்ஸிஜனைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் அதிகம் பட்டால் நைட்ரஜனை உடைக்கும் என்ஸைம் கெட்டுவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் பயனில்லை. உளுந்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சே போடாது. இலவசமாகக் கிடைக்கும்போது சர்க்கரையை ஏன் செலவழிக்க வேண்டும்?

டெல்டாவின் நெல் தரிசு உளுந்து, தாவர அறிவியலைப் பள்ளிக்கூடம் போகாமல் படித்த ஒரு தலைமுறையின் சாதனை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள் நடந்துகொண்டே உளுந்தைக் கைவிதைப்பாகத் தூவுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் ஊறக் கூடாது. ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. அதன் பிறகு உழவில்லை, பாசனமில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தைப் பனியும் சுமார் 70 நாளில் விளைச்சலைக் கொடுத்துவிடும். இதற்கென்றே ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 3 என்ற ரகம் வந்தது.

இன்று இந்த முறை தேய்கிறது. அறுவடை இயந்திரத்தின் பட்டைகள் முளைத்த உளுந்தை நசுக்கி, ஈர மண்ணை இறுக்கிவிடுகின்றன. மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் சம்பா தள்ளிப்போகிறது, உளுந்துக்குரிய ஈரமும் பனியும் தவறிவிடுகின்றன. ஆள் பற்றாக்குறைக்கு இயந்திரம்தான் வழி என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலையில் மண்ணுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த தழைச்சத்தும் சேர்ந்திருக்கிறது.

அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறது பசுந்தாள் உரம். 2024-ல் தொடங்கிய 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் தருகிறார்கள். தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கத் தொடங்கும் 45-ம் நாள் வாக்கில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து மண்ணில் சேரும். ஒன்றரை, இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். 45 நாளைத் தாண்டவிட்டால் தண்டு மரமாகிவிடும். மரத்தை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாற்று மஞ்சளிக்கும், 'பசுந்தாள் போட்டும் பயனில்லை' என்று பேர் வரும். விதைக்கு மானியம் கொடுத்தவர்கள் இந்த நாள் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் திட்டம் வயலில் நிற்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

ஒரு கிலோ நெல் விளைவிக்க உலகச் சராசரியாக மழையும் பாசனமுமாக 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. நெல் தண்ணீரில் வாழ முடிந்த பயிர். தண்ணீரில்தான் வாழ வேண்டிய பயிர் அல்ல. அதன் வேருக்குள்ளும் தண்டுக்குள்ளும் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. இலை வழியாக வரும் ஆக்ஸிஜனை அவை சேற்றிலிருக்கும் வேருக்கு இறக்குகின்றன. அதே குழாய்கள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். காற்றில்லாத சேற்றில் உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி பயிருக்குள் ஏறி வெளியே வருகிறது.

தொடர்ந்து தேங்கிய நீரில் நிற்கும் பயிரைப் பிடுங்கினால் வேர் கறுத்து, அழுகல் வாடை அடிக்கும். நீர் கட்டி, மறையவிட்டு, மீண்டும் கட்டிய வயலில் வேர் வெளுத்து ஆழமாக இறங்கியிருக்கும். டெல்டாக்காரர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று சொன்னதைத்தான் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் குழாயோடு பரிந்துரைக்கிறது. ஓரடிக் குழாயைச் சேற்றில் பாதிக்கு மேல் புதைத்து, உள்ளே நீர்மட்டத்தைப் பார்க்கலாம். மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கும் வரை தண்ணீர் கட்ட வேண்டாம். பூக்கும் தருணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் மட்டும் நீர் நிற்க வேண்டும். தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி டி லொலானியே 1980-களில் உருவாக்கி, தமிழ்நாட்டில் 2000-க்குப் பிறகு பரவிய செம்மை நெல் சாகுபடியும் இதே வேர்க் கணக்குதான். நெல்லில் நான்காவது இலை விரியும்போது முதல் இலையின் கணுவிலிருந்து தூர் கிளம்ப வேண்டும். ஐந்தாவது இலைக்கு இரண்டாவது கணு. இப்படி ஒரு கணக்கோடு பெருகும். 30 நாள் நாற்றைப் பிடுங்கி நட்டால் முதல் சில தூர்களின் வாய்ப்பு நாற்றங்காலிலேயே போய்விடுகிறது. 14 நாள் நாற்றை, ஒற்றையாக, 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் அந்தக் கணக்கு முழுதாக ஓடும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். வழக்கமான நடவில் இருபது கிலோவுக்கு மேல் வேண்டும்.

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா வயலிலும் இல்லை? நடுகிற பெண்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும். விரல் நீள நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றுக் குறிக்கு நடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, கூலி ஒப்பந்தத்துக்கு ஒத்துவராது. களையெடுக்கும் கோனோ வீடரைத் தள்ளுவது முதுகை ஒடிக்கும். ஆனால் அதன் பாதிப் பாடம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், இரண்டு வாரத்து இளநாற்று வேண்டும். பயிற்சி முகாம்கள் பரப்ப முடியாததை இயந்திரம் கட்டாயமாக்கிவிட்டது.

பெட்டிச் செய்தி 3: வெள்ளத்தில் மூச்சைப் பிடிக்கும் நெல்

● வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிய சாதாரணப் பயிர், மேலே எட்டிப் பார்க்க உயர்ந்து வளரப் பார்க்கும். அதிலேயே சேமிப்புச் சர்க்கரை தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் செத்துவிடும்.

● ஒடிசாவின் பாரம்பரிய ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ, மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். இதற்குக் காரணமான சப் 1ஏ மரபணுவை 2006-ல் விஞ்ஞானிகள் அடையாளம் காட்டினார்கள்.

● சாதாரண இனக்கலப்பின் மூலம் அந்தக் குணத்தை ஏற்றிய ரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் பிழைக்கும். சிஆர் 1009 சப் 1 டெல்டாவின் தாழ்வான வயல்களில் பயிராகிறது.

● ஒரு மூலையில் யாரோ காப்பாற்றி வைத்த பழைய விதை இல்லையென்றால் இந்தப் புதிய ரகமே இல்லை.

இலங்கை கொடுத்த விலை

அப்படியானால் ரசாயனத்தை ஒரே நாளில் நிறுத்திவிடலாமே என்று தோன்றலாம். இலங்கை நிறுத்திப் பார்த்தது. கோத்தபய ராஜபக்ச அரசு 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையை விலக்க வேண்டிவந்தது. அதற்குள் 2021-22 பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியிலிருந்து அரிசி வாங்கியது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீட்டை 2022 ஜனவரியில் அரசு அறிவித்தது. கிளிநொச்சி, மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

இயற்கை விவசாயம் தோற்றது என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. தோற்றது கணக்கு. நன்றாக மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். ஒரு மூட்டை யூரியாவிலிருக்கும் தழைச்சத்துக்கு ஈடாக நான்கு டன் எரு வேண்டும். அதுவும் அதே பருவத்தில் முழுதாகக் கிடைக்காது. நுண்ணுயிர்கள் மெல்லப் பிரித்துக் கொடுக்கும், பாக்கி அடுத்தடுத்த பருவங்களுக்கு. பல ஆண்டுகள் யூரியாவில் ஓடிய மண்ணில் அந்த இருப்பு குறைவு. மண்ணை முதலில் தேற்றி, பிறகு மூட்டையைக் குறைத்திருக்க வேண்டும். அவர்கள் மூட்டையை முதலில் பிடுங்கினார்கள்.

தமிழ்நாடு 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து விதைத்த எண்ணத்துக்கு அரசாங்க முத்திரை கிடைத்த நாள் அது. அதை நிறைவேற்றும்போது இலங்கையின் கணக்கு மேசையில் இருக்க வேண்டும்.

மானியம் மூட்டைக்கா, அறிவுக்கா?

நம் நாட்டின் உர மானியம் 2022-23-ல் 2.5 லட்சம் கோடி ரூபாயை ஒட்டி வந்தது. 2010-ல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு தளர்ந்தது. யூரியாவின் விலை மட்டும் கட்டிப்போட்டபடியே இருக்கிறது. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் எட்டாத உயரத்துக்குப் போனபோது, கையிலிருந்த காசுக்கு யூரியாவைத்தான் அள்ள முடிந்தது. விவசாயியைப் பேராசைக்காரர் என்பது எளிது. விலைப்பலகை என்ன சொன்னதோ அதைத்தான் அவர் செய்தார்.

குத்தகைதாரர் நிலை இன்னும் சிக்கல். கோயில் நிலத்திலோ பெரியவர் நிலத்திலோ வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்கு அடுத்த வருடம் இதே வயல் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. 45 நாள் தக்கைப்பூண்டுக்கு விட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்துத் தேறப்போகும் மண்ணுக்கு அவர் ஏன் செலவு செய்வார்? மண்வளம் பற்றிய பேச்சு, குத்தகைப் பதிவைத் தொடாமல் முழுமையாகாது. 2015-ல் வந்த மண்வள அட்டையும் பல வீடுகளில் ரேஷன் கார்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள எண்ணை மூட்டைக் கணக்காக மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும்.

செய்து காட்டிய நாடு இருக்கிறது. புகையான் நாசம் செய்த இந்தோனேசியாவில் 1986-ல் அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. பூச்சிமருந்து மானியத்தைச் சில ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தியது. அதோடு நிற்காமல் உலக உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியது. சுமார் 25 விவசாயிகள், ஒரு வயல், ஒரு பருவம். வாரம் ஒருமுறை வரப்பில் உட்கார்ந்து, பயிரைப் பிடுங்கிப் பார்த்து, பூச்சியை எண்ணி, என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

இங்கும் வேண்டியது அதுதான். வட்டாரத்துக்கு ஒரு முகாம், மேடை, மாலை, மதிய உணவு என்று இல்லாமல், ஊருக்கு ஒரு வயலில் பருவம் முழுக்க வகுப்பு. கையில் ஓர் இலை வண்ண அட்டை, ஒரு பிளேடு, ஒரு துளைக் குழாய். மூன்றும் சேர்ந்து ஒரு மூட்டை யூரியாவுக்கு அரசு கொடுக்கும் மானியத்தைத் தாண்டாது. அந்த வகுப்பில் நடவுப் பெண்களுக்கும் குத்தகைதாரருக்கும் முதல் வரிசை. நாற்றின் வேரைத் தினம் தொடுகிறவர்கள் அவர்கள்தான்.

ஏக்கருக்கு அரை மூட்டை குறைந்தால்கூட டெல்டா முழுக்கச் சேரும் மிச்சம் பெரிது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை விவசாயிக்கு ஊக்கத்தொகையாகவே கொடுக்கலாம். மண்ணை அவர் பார்த்துக்கொள்வார்.